கீபோர்டுக்கு வேறு அடாப்டர் வாங்கும் முன்

வாசிக்கும் இசைக் கீபோர்டின் அடாப்டர் செத்துப்போனால் பலரும் முதலில் செய்வது, வீட்டில் கிடக்கும் அடாப்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செருகிப் பார்ப்பதுதான். வைஃபை மோடத்தின் அடாப்டர், பழைய செட்டாப் பாக்ஸின் அடாப்டர், கேமராவோடு வந்த அடாப்டர் என்று எது துளைக்குள் நுழைகிறதோ அதையே சரியானது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பதினைந்தாயிரம் ரூபாய் கீபோர்டு முந்நூறு ரூபாய் அடாப்டரால் கெடுவது இப்படித்தான். அடாப்டர் ஒயரின் முனையில் இருக்கும் பின் உள்ளே நுழைவது எதையும் நிரூபிக்காது. ஒரே அளவு பின்னில் 5 வோல்ட்டும் வரும், 19 வோல்ட்டும் வரும். நடுவில் பிளஸ்ஸும் இருக்கும், மைனஸ்ஸும் இருக்கும்.

பார்க்க வேண்டியவை நான்கு: வோல்ட், ஆம்பியர், போலாரிட்டி (பின்னின் நடுவில் இருப்பது பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பது), பின் அளவு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பின் அளவு கடைசியில்தான் வர வேண்டும்.

1. பழுது அடாப்டரில்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

உங்கள் கீபோர்டில் பேட்டரி போடும் இடம் இருந்தால் புதிய செல்களைப் போட்டு, அடாப்டர் பின்னை முழுவதும் வெளியே எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். நன்றாக ஓடினால் குறை அடாப்டரிலோ, அதைச் செருகும் டிசி ஜாக்கிலோ இருக்கிறது. பேட்டரியிலும் ஓடவில்லை என்றாலும் உடனே உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பல ஜாக்குகளுக்குள் ஒரு சிறிய தகடு உண்டு. பின்னைச் செருகியதும் அது விலகி பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும். அந்தத் தகடு வளைந்து மீண்டும் தொடாமல் நின்றுவிட்டால், பின்னை வெளியே எடுத்த பிறகும் பேட்டரி வேலை செய்யாது.

அடுத்து, பழைய அடாப்டரைச் செருகி ஆன் செய்து பின்னை மெதுவாக அசைத்துப் பாருங்கள். விளக்கு வந்து வந்து போனால் இரண்டில் ஒன்று: பின்னை ஒட்டிய இடத்தில் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும், அல்லது ஜாக்கின் ஈயப்பற்று விட்டிருக்கும். ஒயரை மட்டும் வளைக்கும்போது போய் வந்தால் ஒயர். பின்னை அசைக்கும்போது போய் வந்தால் பெரும்பாலும் ஜாக். ஜாக் விட்டிருந்தால் எத்தனை அடாப்டர் வாங்கினாலும் பயனில்லை. அதைத் திரும்பப் பற்றவைப்பது எந்த எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடையிலும் நடக்கும் சின்ன வேலை. ஒயர் அறுந்திருந்தால் புதிய பின் வைத்துப் பற்றவைத்தே பழைய அடாப்டரைக் காப்பாற்றிவிடலாம்.

வாசிக்காமல் வைத்திருந்தால் சுமார் 30 நிமிடத்தில் தானாக அணையும் வசதி இன்றைய பல கீபோர்டுகளில் இருக்கிறது. அதை அடாப்டர் கோளாறு என்று நினைத்துப் புது அடாப்டர் வாங்கிவிடாதீர்கள்.

2. மூன்று இடங்களில் எழுதியிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

முதலாவது, கீபோர்டின் பின்பக்கம் ஜாக்குக்கு அருகில் உள்ள எழுத்து. 'டிசி இன் 12 வோல்ட்' போன்ற குறிப்பும் போலாரிட்டிப் படமும் அங்கே இருக்கும். இரண்டாவது, அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிள். மாடல் எண் அதில்தான் முழுமையாக இருக்கும். மூன்றாவது, கையேட்டின் கடைசிப் பக்கங்களில் வரும் விவரப் பட்டியல். எந்த அடாப்டர் மாடல் என்று பெயரோடு அங்கே போட்டிருப்பார்கள். கையேடு தொலைந்திருந்தால் கவலை இல்லை. யமஹா, கேஸியோ, ரோலண்ட், கோர்க் நான்குமே பழைய மாடல்களின் கையேட்டையும் தங்கள் தளத்தில் பிடிஎஃப் ஆக இலவசமாகத் தருகின்றன.

பழைய அடாப்டர் கையில் இருந்தால் அதன் லேபிளில் 'அவுட்புட்' என்ற வரியைப் படியுங்கள். 'இன்புட்' வரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் கீபோர்டை இரண்டாம் கையாக வாங்கியிருந்தால் கூட வந்த அடாப்டரை ஆதாரமாக எடுக்கவே கூடாது. முந்தைய உரிமையாளர் ஏதோ ஒன்றை வைத்து ஓட்டியிருக்கலாம். கையேடு சொல்வதே முடிவு.

எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாயால் சொல்வதைவிடப் படத்தைக் காட்டுவது நல்லது.

3. வோல்ட்: அதே எண், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம்

கீபோர்டில் 12 என்றிருந்தால் 12. 'கொஞ்சம் கூட இருந்தால் நல்ல பவர் கிடைக்கும்' என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். 12 வோல்ட் கருவிக்கு 16 அல்லது 19 வோல்ட் கொடுத்தால் உள்ளே வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டர் சுடும், மின்தேக்கிகள் உப்பும், ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் ஐசி போகும். லேப்டாப் அடாப்டரைக் கீபோர்டின் பக்கத்திலேயே வைக்காதீர்கள். குறைவாகக் கொடுத்தால் சேதம் குறைவு. ஆனால் ஒலியைக் கூட்டியதும் கீபோர்டு அணைந்து அணைந்து எரியும்.

பெயர் ஒன்று போலிருக்கும் மாடல்களில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். யமஹாவின் பிஎஸ்ஆர்-இ473 கீபோர்டுக்கு பிஏ-150, அதாவது 12 வோல்ட் 1.5 ஆம்பியர். அதன் 76 கட்டை உடன்பிறப்பான பிஎஸ்ஆர்-இடபிள்யூ425க்கு பிஏ-300சி, 16 வோல்ட் 2.4 ஆம்பியர். கேஸியோவின் சிடி-எக்ஸ்700க்கு 9.5 வோல்ட், அதே வரிசையின் சிடி-எக்ஸ்3000க்கும் 5000க்கும் 12 வோல்ட். 'யமஹா அடாப்டர் கொடுங்கள்', 'கேஸியோ அடாப்டர் கொடுங்கள்' என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் முதலில் அகப்படுவது வரும்.

பேட்டரியை எண்ணி வோல்ட்டைக் கணக்கிடும் பழக்கம் ஒன்று உண்டு. ஆறு செல், தலா 1.5, எனவே 9 வோல்ட் என்று. கேஸியோவின் பல மாடல்களில் இது கிட்டத்தட்ட ஒத்துவருவதால் நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் யமஹா பிஎஸ்ஆர்-இ373 ஆறு செல்லில்தான் ஓடுகிறது, அதன் அடாப்டரோ 12 வோல்ட். செல் கணக்கை விட்டுவிடுங்கள்.

9.5 வோல்ட் அடாப்டர் சாதாரணக் கடையில் கிடைக்காது. அந்தக் கேஸியோக்களுக்கு நல்ல தரமான, சீரான 9 வோல்ட் அடாப்டர் பெரும்பாலும் வேலை செய்யும். ஆறு புதிய செல்கள் கொடுப்பதும் 9 வோல்ட்தானே. 12 வோல்ட்டை மட்டும் தொடவே கூடாது. முடிந்தவரை 9.5 வோல்ட் அடாப்டரையே தேடி வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து.

4. ஆம்பியர்: அதே அளவு அல்லது அதற்கு மேல்

வோல்ட்டுக்கு நேர்மாறான விதி இது. கீபோர்டு தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டுமே இழுத்துக்கொள்ளும். 1 ஆம்பியர் கேட்கும் கருவிக்கு 2 அல்லது 3 ஆம்பியர் அடாப்டர் வைப்பதில் ஆபத்து இல்லை. குறைவாக வைத்தால்தான் சிக்கல்: மெதுவாக வாசிக்கும்போது ஒழுங்காக இருக்கும், தாளத்தைப் போட்டு இரண்டு கையும் இறங்கி ஒலியையும் ஏற்றினால் திரை மங்கும், கீபோர்டு தானாக மறுபடி தொடங்கும், அடாப்டர் கொதிக்கும்.

லேபிளில் ஆம்பியர் இல்லாமல் வாட் மட்டும் இருந்தால் வாட்டை வோல்ட்டால் வகுங்கள். 12 வோல்ட், 9 வாட் என்றால் 0.75 ஆம்பியர். அதன் மேல் கால்பங்கு சேர்த்து 1 ஆம்பியர் வாங்குங்கள். 1000 மில்லி ஆம்பியரும் 1 ஆம்பியரும் ஒன்றே. மலிவான அடாப்டர்களில் 2 ஆம்பியர் என்று அச்சிட்டு உள்ளே 1 ஆம்பியர்தான் இருக்கும். அதனால் பெயரற்ற கம்பெனி என்றால் தேவையைப் போல இரண்டு மடங்கு எழுதியிருப்பதை எடுப்பது புத்திசாலித்தனம்.

5. நடு பிளஸ்ஸா, நடு மைனஸ்ஸா

மற்ற எல்லாம் சரியாக இருந்து இது ஒன்று மாறினாலும் கீபோர்டு போய்விடலாம். அதனால் இந்தப் படியில் நிதானமாக இருங்கள்.

ஜாக்கின் பக்கத்திலும் அடாப்டர் லேபிளிலும் ஒரு சின்னப் படம் இருக்கும். நடுவில் புள்ளி, அதைச் சுற்றி அரை வட்டம், இரண்டிலிருந்தும் பக்கவாட்டில் கோடு, கோடுகளின் முனையில் பிளஸ்ஸும் மைனஸ்ஸும். நடுப் புள்ளியோடு சேரும் கோட்டின் முனையில் பிளஸ் இருந்தால் அது நடு பிளஸ். மைனஸ் இருந்தால் நடு மைனஸ். கீபோர்டின் படமும் அடாப்டரின் படமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

யமஹாவின் 12 வோல்ட் மாடல்கள் நடு பிளஸ். கடையில் கிடைக்கும் மோடம், சிசிடிவி அடாப்டர்களும் பெரும்பாலும் நடு பிளஸ் என்பதால் யமஹாக்காரர்களுக்கு வேலை சுலபம். ரோலண்டின் ஜூனோ-டிஎஸ் போன்றவற்றுக்கு வரும் பிஎஸ்பி-1 அடாப்டர் 9 வோல்ட் 2 ஆம்பியர், நடு மைனஸ். கோர்க்கின் மைக்ரோகோர்க்கும் 9 வோல்ட்தான், ஆனால் நடு பிளஸ். மேடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அடாப்டர் மாறிப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு அடாப்டர்களிலும் வண்ண டேப் சுற்றிவையுங்கள்.

கேஸியோவில் இன்னொரு பொறி இருக்கிறது. பழைய கேஸியோக்களின் ஏடி-5 அடாப்டர் 9 வோல்ட், நடு மைனஸ். பிறகு வந்த சிடிகே, எஸ்ஏ, சிடி-எஸ் வரிசைகளின் ஏடி-இ95100எல் அடாப்டர் 9.5 வோல்ட், நடு பிளஸ். இரண்டிலும் கேஸியோ என்றே எழுதியிருக்கும், வோல்ட்டும் ஏறக்குறைய ஒன்று, போலாரிட்டி மட்டும் நேர் எதிர். பின் அளவு வேறு என்பதால் நேராக நுழையாது. ஆனால் யாராவது பின்னை வெட்டி மாற்றிப் பற்றவைத்தாலோ கன்வெர்ட்டர் முனை போட்டாலோ அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

நடு மைனஸ் 9 வோல்ட் வேண்டும் என்றால் கிட்டார் பெடல் அடாப்டர்கள் அப்படித்தான் வருகின்றன. பின் அளவும் ஏடி-5க்குப் பொருந்தும். ஆனால் அவற்றில் பல 500 மில்லி ஆம்பியருக்குள் முடிந்துவிடும். ஏடி-5 கொடுப்பதோ 850 மில்லி ஆம்பியர். பெடலுக்கான அடாப்டர்தான் வாங்குகிறீர்கள் என்றால் 1 ஆம்பியருக்கு மேல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

போலாரிட்டி மாறினால் எல்லாக் கீபோர்டும் உடனே எரிந்துவிடாது. சிலவற்றில் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாதுகாப்பு டையோடு இருக்கும், கருவி ஆன் ஆகாமல் நிற்கும், அவ்வளவுதான். சிலவற்றில் அந்த டையோடே ஷார்ட் ஆகி ஃபியூஸையோ பலகையின் தடத்தையோ எரிக்கும். உங்களுடையது எந்த வகை என்று வெளியிலிருந்து தெரியாது. செருகிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது.

6. பின் அளவு

வெளி விட்டம் 5.5 மி.மீ., உள் துளை 2.1 மி.மீ. என்பதே மிகப் பரவலான அளவு. இதன் இரட்டைப்பிறவி போல 5.5க்கு 2.5 மி.மீ. ஒன்றும் இருக்கிறது. கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். 2.5 துளையுள்ள பின், 2.1 நடுக்கம்பியுள்ள ஜாக்கில் நுழையும். ஆனால் உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும். வாசிக்கும்போது மேசை அதிர்ந்தால் இணைப்பு விடும். புது அடாப்டர் போட்டும் கீபோர்டு அணைந்து எரிவதாகச் சொல்பவர்களில் பலரின் சிக்கல் இதுதான். நேர்மாறாக 2.1 பின் 2.5 ஜாக்கில் நுழையவே நுழையாது. அழுத்தித் திணித்தால் நடுக்கம்பி முறியும்.

கேஸியோவின் 9.5 வோல்ட் மாடல்களுக்கு மெல்லிய பின், சுமார் 4.8க்கு 1.7 மி.மீ. தனியாக முனை மாற்றி கிடைக்கிறது. வாங்கியதும் அதன் நுனியிலும் போலாரிட்டியை அளந்து பாருங்கள்.

7. அடாப்டரின் வகை

கையில் எடுத்தால் கல் போலக் கனமாக இருப்பது டிரான்ஸ்ஃபார்மர் வகை. லேசாக இருப்பது எஸ்எம்பிஎஸ், அதாவது மின்னணுச் சுற்றால் வோல்ட்டைச் சீராக வைத்திருக்கும் வகை. பழைய கனமான வகைகளில் பலவற்றில் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் சுற்று கிடையாது. 9 வோல்ட் என்று எழுதியிருக்கும், சும்மா அளந்தால் 12, 13 காட்டும். சுமை ஏறியதும் இறங்கும். அதோடு வந்த பழைய கீபோர்டு அதைத் தாங்கும்படி வடிவமைத்தது. சீரான வோல்ட்டை எதிர்பார்க்கும் புதிய கீபோர்டில் அப்படிப்பட்ட 12 வோல்ட் அடாப்டரைப் போட்டால் 16 வரை போய்விடும். எனவே மாற்று வாங்கும்போது எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். பழைய கீபோர்டுக்கும் அது ஒத்துப்போகும்.

3, 4.5, 6, 7.5, 9, 12 என்று தள்ளும் சுவிட்சும் ஆறேழு முனைகளும் கொண்ட 'யுனிவர்சல்' அடாப்டரைத் தவிருங்கள். சுவிட்ச் தெரியாமல் நகரும். முனையைத் திருப்பிச் செருகினால் போலாரிட்டி மாறும். மலிவானவை பெரும்பாலும் கட்டுப்பாடில்லாத டிரான்ஸ்ஃபார்மர் வகை. ஒரே பெட்டிக்குள் மேலே சொன்ன எல்லா ஆபத்தும் இருக்கிறது.

அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த கீபோர்டு என்றால் அதன் அடாப்டரின் இன்புட் வரியைப் பாருங்கள். '100-240' என்றிருந்தால் சுவரில் செருகும் பிளக்குக்கு ஒரு மாற்றி போதும். '120' அல்லது '100' மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய சில நொடிகளில் புகைந்துவிடும். அதற்காகப் பெரிய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டியதில்லை. இங்கே கிடைக்கும் சரியான அடாப்டர் ஒன்றை வாங்குவது மலிவு, பாதுகாப்பு.

இன்னொன்று: சில பழைய சிந்தசைசர்களும் எஃபெக்ட் கருவிகளும் 'ஏசி 9 வோல்ட்' வெளியீடு கேட்கும். லேபிளில் நேர்க்கோட்டுக்குப் பதில் அலைக்கோடு இருக்கும். அவற்றுக்கு டிசி அடாப்டர் உதவாது. டிசி கருவிக்கு ஏசி அடாப்டரும் கூடாது.

8. எங்கே வாங்குவது, என்ன செலவு

கம்பெனி அடாப்டர் ஆயிரம் ரூபாயை ஒட்டித் தொடங்கும். 16 வோல்ட் போன்றவை இன்னும் கூடும். பொதுவான 12 வோல்ட் 2 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் இருநூறிலிருந்து ஐந்நூறுக்குள் கிடைக்கும். யமஹாவின் 12 வோல்ட் மாடல் வைத்திருப்பவர்களுக்கு நல்ல தரமான பொது அடாப்டரே போதும். ரோலண்ட், கேஸியோ 9.5 வோல்ட், யமஹா 16 வோல்ட் வைத்திருப்பவர்கள் கம்பெனி அடாப்டருக்குச் செலவழிப்பதே நிம்மதி. வாரன்டி இருக்கும் கீபோர்டு என்றால் கேள்விக்கே இடமில்லை. வேறு அடாப்டரால் வந்த சேதத்தை வாரன்டியில் சேர்க்க மாட்டார்கள்.

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட், கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. நேரில் வாங்கினால் கடையிலேயே மல்டிமீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ஆன்லைனில் வாங்கினால் மாடலின் பெயரை மட்டும் நம்பாமல், படத்தில் லேபிள் தெளிவாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வந்த அன்றே சோதியுங்கள், திருப்பித் தரும் காலம் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள்தான்.

இந்தியாவில் விற்கும் அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் குறி இருக்க வேண்டும்: மேலே ஐஎஸ் தர எண், கீழே ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உற்பத்தியாளர் பெயர் வரும். லேபிளில் இருக்கும் பெயரும் அதுவும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் மாற்றித் தர எந்தக் கடையும் ஒப்புக்கொள்ளாது.

9. கீபோர்டில் செருகும் முன்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் முந்நூறு ரூபாய்க்குள் வரும். கீபோர்டு வைத்திருக்கும் வீட்டில் அது இருக்கட்டும்.

டிசி 20 வோல்ட்டில் திருப்பி வையுங்கள். அடாப்டரைச் சுவரில் செருகி, சிவப்பு முனையைப் பின்னின் துளைக்குள்ளும் கருப்பு முனையை வெளி உலோகத்திலும் வையுங்கள். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண் சாதாரணமாக வந்தால் நடு பிளஸ். முன்னால் மைனஸ் குறியோடு வந்தால் நடு மைனஸ். 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் 11.8 முதல் 12.3க்குள் காட்ட வேண்டும். 15, 16 காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எதுவுமே காட்டவில்லை என்றால் செத்த அடாப்டராக இருக்கலாம், அல்லது ஏசி வெளியீடாக இருக்கலாம்.

எல்லாம் சரி என்றால்: கீபோர்டின் சுவிட்ச் ஆஃபில் இருக்க, ஒலியைக் குறைத்து வைத்து, பின்னைச் செருகி, பிறகு சுவரில் ஆன் செய்து, கடைசியாகக் கீபோர்டை ஆன் செய்யுங்கள். ஐந்து நிமிடம் மெதுவாக வாசியுங்கள். பிறகு ஒரு ரிதம் போட்டு ஒலியை முக்கால் வரை ஏற்றி அரை மணி நேரம் ஓட விடுங்கள். அடாப்டர் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாமல் சுட்டால், கருகிய வாடை வந்தால், திரை துடித்தால் உடனே நிறுத்துங்கள்.

10. இரைச்சல் வந்தால்

ஹெட்போனில் சுத்தமாகவும் மிக்சரில் இணைத்ததும் 'ஜ்ஜ்' என்றும் வந்தால் அது தரையிணைப்புச் சிக்கல். இரண்டு முள் எஸ்எம்பிஎஸ் அடாப்டர்கள் சிறிய கசிவு மின்னோட்டத்தை வெளியீட்டில் விடும். கீபோர்டின் உலோகப் பகுதியைத் தொட்டால் லேசாகச் சுணைப்பதும் அதனால்தான். மூன்று முள் அடாப்டர் பல நேரம் சரிசெய்யும். மேடையில், கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவே, தரையிணைப்பைப் பிரிக்கும் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸ் என்ற சிறு இணைப்புப் பெட்டியை வைக்கலாம். எந்த நிலையிலும் ஆம்ப்ளிஃபயரின் எர்த் முள்ளை வெட்டாதீர்கள், உயிருக்கே ஆபத்து. ஹெட்போனிலும் இரைச்சல் இருந்தால் அடாப்டரே மட்டம், அதை மாற்றுங்கள்.

11. மின்வெட்டுக்கும் மேடைக்கும்

12 வோல்ட் நடு பிளஸ் கீபோர்டுக்கு வைஃபை மோடத்துக்கு விற்கும் மினி யுபிஎஸ் நன்றாக ஒத்துப்போகும். வெளியீடு 12 வோல்ட் 2 ஆம்பியர் என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பவர் பேங்க் யுஎஸ்பியிலிருந்து 12 வோல்ட்டாக உயர்த்தும் கேபிள் இதற்குப் பற்றாது. 5 வோல்ட் 2 ஆம்பியரை 12 வோல்ட்டாக்கினால் கையில் வருவது முக்கால் ஆம்பியருக்கும் குறைவு. டைப்-சி 'பவர் டெலிவரி' (பிடி) வசதியுள்ள பவர் பேங்க்குகளில் 5, 9, 15, 20 வோல்ட்டுகளே வழக்கமானவை. 12 எல்லாவற்றிலும் இருக்காது, பெட்டியில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

திருவிழா மேடைகளில் ஜெனரேட்டர் ஏறி இறங்கும். 100-240 என்று போட்ட எஸ்எம்பிஎஸ் அதைச் சமாளிக்கும், கனமான பழைய வகை சமாளிக்காது. சதுர அலை இன்வெர்ட்டரில் அந்தக் கனமான வகை ரீங்காரமிட்டுச் சூடாகவும் செய்யும். கச்சேரிக்குப் போகிறவர்கள் சோதித்துப் பார்த்த இரண்டாவது அடாப்டரைப் பையிலேயே வைத்திருங்கள். அதன் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி வோல்ட், ஆம்பியர், நடு பிளஸ் அல்லது நடு மைனஸ், எந்தக் கீபோர்டுக்கு என்று பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். அவசரத்தில் எடுத்துச் செருகுகிறவர் நீங்களாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.